படித்துக்கொண்டிருக்கும் புத்தகத்தைப் பற்றிப் பேச: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒரே புத்தகத்தைப் பகுதி பகுதியாகப் படித்து, வாரம் ஒருமுறையோ மாதம் இருமுறையோ கூடிப் பேசும் சின்ன வாசகர் வட்டங்களுக்காக எழுதியது. முடித்த புத்தகத்துக்கு மதிப்புரை எழுதுவது வேறு வேலை. அதற்குள் இங்கே போகவில்லை.

புத்தகத்தை முடிக்காமலே கருத்துச் சொல்வது சரியா?

சரிதான். எந்த இடத்தில் நின்றுகொண்டு சொல்கிறீர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லிவிட வேண்டும், அவ்வளவுதான். யார்மேல் சந்தேகம் வந்தது, யாரை நம்பினோம், எங்கே சலித்தது என்பதெல்லாம் கடைசிப் பக்கம் தாண்டியதும் மறந்துபோகும். முடிவு தெரிந்ததும் "எனக்கு அப்பவே தெரியும்" என்று மனசு பழைய கணக்கைத் திருத்திக்கொள்ளும்.

கோபல்ல கிராமம் நாவலை எடுத்துக்கொள்வோம். ஒரு கொலையில் தொடங்குகிறது. கொஞ்ச தூரம் போனதும் அதை அப்படியே விட்டுவிட்டு, மங்கத்தாயாரு அம்மாள் என்கிற மூதாட்டி சொல்லும் பழைய கதைக்குள், தெலுங்கு தேசத்திலிருந்து ஒரு கூட்டம் ஊரைவிட்டு வந்த கதைக்குள், போய்விடுகிறது. அந்த இடத்தில் நிற்கிற ஒருவர், "கொலை என்னாச்சுன்னு தெரியலை, பாட்டி கதைய எதுக்குக் கேட்டுக்கிட்டு இருக்கேன்?" என்று சொன்னால், அது நாவலின் கட்டுமானத்தைச் சரியாகத் தொட்டுவிட்ட பேச்சு. முழுக்கப் படித்தவர் வாயிலிருந்து இது வராது, அவருக்கு விடை தெரியும்.

"நல்லா இருக்கு", "போர் அடிக்குது" தவிர எதுவும் வரமாட்டேன் என்கிறது. என்ன செய்ய?

மூன்று துண்டு சொன்னால் போதும்: எந்த இடம், அங்கே என்ன எழுதியிருக்கிறது, அது உங்களை என்ன செய்தது. நடுத்துண்டைத்தான் பலரும் விட்டுவிடுகிறார்கள்.

ஒரு கற்பனை நாவலை வைத்துப் பார்க்கலாம். "நடை ரொம்ப மெதுவாப் போகுது" என்று ஒருவர் சொல்கிறார். மற்றவர்களால் ஆமாம் என்றோ இல்லை என்றோ தலையாட்டத்தான் முடியும். அதையே இப்படிச் சொன்னால்: "ஏழாம் அத்தியாயத்துல வாசலுக்கு வர்றதிலிருந்து காபி கொண்டுவர்ற வரைக்கும் நாலு பக்கம். திண்ணை, தூண், சுவரில் மாட்டின படங்கள் எல்லாம் வருது. ஆட்கள் பேசிக்கிறது அஞ்சே வரி. பெண் பார்க்க வந்திருக்காங்கன்னே எனக்கு நாலாவது பக்கத்துலதான் உறைச்சுது." இப்போது இன்னொருவருக்குப் பிடி கிடைக்கிறது. "அந்தப் படங்கள்ல ஒண்ணு மட்டும் சுவர்ப்பக்கமா திருப்பி மாட்டியிருந்ததைக் கவனிச்சீங்களா?" என்று அவர் கேட்பார். மெதுவான நடைக்கு ஒரு காரணம் இருக்கலாம் என்ற பேச்சு அங்கே தொடங்குகிறது. காரணம் போதாது என்றும் முடியலாம். எப்படி முடிந்தாலும் பேச்சு புத்தகத்தின்மேல் நடந்திருக்கிறது.

சொன்ன வாக்கியம் வேறு நாவல்களுக்கும் அப்படியே பொருந்துகிறதா என்று பாருங்கள். "அருமையான பாத்திரப் படைப்பு" எதற்கும் பொருந்தும். பின்னட்டையில் அச்சடிக்க மட்டும் உதவும்.

ஆளுக்கொரு பதிப்பு வைத்திருக்கிறோம். பக்க எண் ஒத்துவரவில்லையே?

பக்க எண்ணை விட்டுவிடுங்கள். பொன்னியின் செல்வன் நாட்டுடைமையான நூல். பல பதிப்பகங்கள் பல அளவில், பல எழுத்துருவில் போட்டிருக்கின்றன. ஒருவருடைய 212-ஆம் பக்கம் இன்னொருவருக்கு 180 ஆக இருக்கும். ஆனால் பாகம், அத்தியாய எண் எல்லாப் பதிப்பிலும் ஒன்றுதான். "2-ஆம் பாகம், 14-ஆம் அத்தியாயம்" என்றால் யாரும் தேட வேண்டியதில்லை.

அத்தியாயமே பிரிக்காத நாவல் என்றால், பத்தியின் முதல் நாலைந்து சொற்களைச் சொல்லுங்கள். மின்னூலில் அந்தச் சொற்களைத் தேடினால் நேராக அங்கே போய் நிற்கும். அச்சு நூல் வைத்திருப்பவருக்கு "இரண்டாவது கல்யாணத்துக்குப் பிறகு வரும் கடிதம்" என்பதுபோல் சம்பவத்தால் ஓர் அடையாளமும் கொடுங்கள். கிண்டிலில் லொக்கேஷன் எண் இருக்கிறது. ஒரே மின்பதிப்பை வைத்திருப்பவர்களுக்குள், எழுத்தைப் பெரிதாக்கினாலும் சிறிதாக்கினாலும் அது மாறாது. ஒலிநூல் கேட்பவர் மணி, நிமிடம் சொல்ல வேண்டும்.

சதவீதக் கணக்கை மட்டும் நம்பாதீர்கள். பின்னிணைப்பு, ஆசிரியர் குறிப்பு, பதிப்பகத்தின் மற்ற நூல்களின் பட்டியல் எல்லாம் சேர்ந்துதான் நூறு. 90 சதவீதத்திலேயே கதை முடிந்துவிடும் நூல்கள் உண்டு. "இன்னும் பத்து சதவீதம் இருக்கே" என்று காத்திருப்பவருக்குச் சட்டென்று முடிந்தது முடிவின் குறையாகத் தெரியும்.

ஒரு வாரத்துக்கு எவ்வளவு பிரித்துக்கொள்ளலாம்?

வட்டத்தில் மெதுவாகப் படிப்பவரின் வேகத்தை எடுங்கள். அவர் அதே நூலை 20 நிமிடம் படிக்கட்டும், எத்தனை பக்கம் ஆனது என்று எண்ணுங்கள். வேறு நூலில் எடுத்த கணக்கு இதற்கு உதவாது. 20 நிமிடத்தில் 8 பக்கம் என்றால், தினம் அரை மணி நேரம் வீதம் வாரத்தில் 5 நாளைக்கு 60 பக்கம். 300 பக்க நாவல் 5 வாரம் ஆகும். ஏழு நாளையும் கணக்கில் போட்டால் திட்டம் முதல் கல்யாண வீட்டிலேயே உடையும்.

பெரிய நூலில் பாகத்தை வைத்துப் பிரிப்பது பெரும்பாலும் தப்பாகப் போகும். பொன்னியின் செல்வனின் ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள், மொத்தம் 293. "பாகத்துக்கு ஒரு மாதம், அஞ்சு மாசத்துல முடிச்சிடலாம்" என்று தொடங்குபவர்களுக்கு மூன்றாம், நான்காம் பாகங்களில் தினம் ஒன்றரை அத்தியாயம்தான். ஐந்தாம் பாகத்தில் அது மூன்றாகிறது. ஆட்கள் கழன்றுகொள்வது அங்கேதான், புத்தகத்தின்மேல் பழி விழுவதும் அங்கேதான். வாரம் 10 அத்தியாயம் என்று வைத்தால் 30 வாரம். நீளமாகத் தெரியும், ஆனால் கடைசிவரை ஒரே எடை.

இது வாரப் பத்திரிகைத் தொடராக வந்த நாவல் என்பதால் இன்னொன்றும் உண்டு. அடுத்த இதழை வாங்க வைக்கிற கொக்கியோடு அத்தியாயங்கள் முடியும். "இந்த அத்தியாயத்தோட நிறுத்திக்கலாம்" என்பது சொல்லும்போது சுலபம். ஒருவராவது தாண்டிப் போயிருப்பார் என்று எதிர்பார்த்தே கூட்டத்தை அமையுங்கள்.

முன்னால் போய்விட்டவர் கதையை உடைத்துவிடுகிறார். எப்படித் தடுப்பது?

பேசும் வரிசையை மாற்றுங்கள். குறைவாகப் படித்தவர் முதலில், அதிகம் படித்தவர் கடைசியில். கூட்டம் தொடங்கும்போது ஒவ்வொருவரும் தாம் இருக்கும் இடத்தை மட்டும் சொல்லட்டும். அதில் எது குறைவோ அதுதான் அன்றைய எல்லை. ஒருவர் ரொம்பவே பின்தங்கியிருந்தால் அவர் எல்லை வரை முதல் அரை மணி நேரம் பேசிவிட்டு, பிறகு தொடரலாம். அவர் இருப்பதா கிளம்புவதா என்பது அவர் விருப்பம்.

நேரடியாகச் சொல்லாமலே உடைப்பவர்கள்தான் தொல்லை. "அவளை ரொம்ப நம்பாதீங்க", "இந்த மோதிரத்தை ஞாபகம் வச்சுக்கோங்க", அல்லது ஒன்றும் சொல்லாமல் ஒரு சிரிப்பு. சம்பவத்தைச் சொல்லவில்லையே என்று அவர் நினைப்பார். கேட்டவருக்கோ அதன்பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் மோதிரம்தான் தெரியும்.

வாட்ஸ்அப்பில் எழுதினால் முதல் வரியிலேயே "3-ஆம் பாகம் 20 வரை படித்தவர்களுக்கு" என்று போடுங்கள். அறிவிப்பில் செய்தியின் தொடக்கம் தெரிந்துவிடும், எச்சரிக்கை இரண்டாவது வரியில் இருந்து பயனில்லை. டெலிகிராமில் மறைக்க வேண்டிய வரியைத் தேர்ந்தெடுத்து ஸ்பாய்லர் வடிவம் கொடுக்கலாம். தொட்டால்தான் தெரியும்.

வரலாற்று நாவலில் நடந்த சம்பவத்தைச் சொல்வதும் ஸ்பாய்லரா?

பொன்னியின் செல்வனையே எடுத்துக்கொள்வோம். அதில் வரும் சோழ இளவரசன் ஆதித்த கரிகாலன் கொல்லப்பட்டது காட்டுமன்னார்கோயில் பக்கத்து உடையார்குடிக் கல்வெட்டிலேயே இருக்கிறது. போதாக்குறைக்கு நாவல் 2022-லும் 2023-லும் படமாகவும் வந்துவிட்டது. அந்தச் செய்தியைப் பொத்திப் பொத்தி வைப்பதில் அர்த்தமில்லை. ஆனால் நாவலில் அது எந்த இடத்தில், யார் யார் அருகில் இருக்கும்போது நடக்கிறது என்பது கல்வெட்டில் இல்லை. அதை மட்டும் வெளியே விடாதீர்கள். படம் பார்த்துவிட்டு வந்தவர் "படத்துல இப்படி இல்லையே" என்று சொல்வதையும் அன்றைய எல்லைக்குள் வைத்துக்கொள்ளட்டும்.

எத்தனை பேர், எவ்வளவு நேரம்?

ஆறிலிருந்து எட்டுப் பேர், ஒன்றரை மணி நேரம். முதல் சுற்றில் ஆளுக்கு 3 நிமிடம், குறுக்கே யாரும் பேசக்கூடாது. எட்டுப் பேர் என்றால் 24 நிமிடம். அடுத்து ஒரே ஒரு பத்தியை யாராவது உரக்கப் படித்து, அதைப் பற்றி மட்டும் 20 நிமிடம். மீதி நேரம் விவாதம். கடைசி 5 நிமிடம் அடுத்த எல்லையை முடிவு செய்ய.

பத்துப் பேரைத் தாண்டினால் முதல் சுற்றே அரை மணி நேரத்துக்கு மேல் போகும். பிற்பாதியில் இருப்பவர்கள் தங்கள் முறைக்காக மனசுக்குள் ஒத்திகை பார்த்துக்கொண்டிருப்பார்கள், யாரும் யாரையும் கேட்கமாட்டார்கள். நாலு பேருக்குக் கீழே போனால் இரண்டு பேரின் சண்டையாக முடிய வாய்ப்பு அதிகம்.

உரக்கப் படிப்பதை நேரம் போதவில்லை என்று வெட்டாதீர்கள். மௌனமாகப் படிக்கும்போது தட்டாத வாக்கியம் வாய்விட்டுப் படிக்கும்போது தட்டும், கிண்டல் என்று தோன்றாத வரி கிண்டலாகக் கேட்கும். கூட்டத்தில் கருத்து மாறுகிறது என்றால் பெரும்பாலும் இந்த 20 நிமிடத்தில்தான்.

குறிப்பு எப்படி எடுப்பது?

சொந்தப் புத்தகம் என்றால் மென்மையான பென்சில் போதும். பேனா வேண்டாம், மெல்லிய தாளில் மை மறுபக்கம் ஊறும். நூலகப் புத்தகத்தில் எதையும் எழுதாதீர்கள். ஒட்டும் சீட்டும் வேண்டாம். பழுப்பேறிய பழைய தாளில் எடுக்கும்போது எழுத்தோடு உரிந்து வரும். பஸ் டிக்கெட் அகலத்தில் வெள்ளைத் தாளைக் கத்தரித்து இடையில் வையுங்கள்.

சீட்டில் மூன்று விஷயம்: இடம், நாலைந்து சொல், ஒரு கேள்வி. "அத். 9. அண்ணன் கடிதத்தைப் படிக்கலை. ஏன்?" இவ்வளவுதான். ஐம்பது பக்கத்துக்கு ஐந்து சீட்டுக்கு மேல் போனால் கூட்டத்தில் எதை எடுப்பது என்று திணறுவீர்கள். கிளம்புவதற்கு முன் சீட்டுகளைப் பரப்பி இரண்டை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

வட்டார வழக்கு புரியவில்லை. அதையே குறையாகச் சொல்லலாமா?

முதல் 30 பக்கத்தில் சொல்லாதீர்கள். காது பழக அவ்வளவு வேண்டியிருக்கும். பேச்சுப் பகுதியை வாய்விட்டுப் படித்தால் பாதிச் சொற்கள் தாமே பிடிபடும், எழுத்தில் விசித்திரமாகத் தெரிவது ஒலியில் பழக்கமானதாக இருக்கும். மீதியைப் பட்டியல் போடுங்கள். கரிசல் சொற்களுக்கு கி. ராஜநாராயணன் தொகுத்த வட்டார வழக்கு அகராதி இருக்கிறது. இன்றைய பொது வழக்குக்கு க்ரியாவின் தற்காலத் தமிழ் அகராதி. பழைய சொல், சடங்குச் சொல் என்றால் சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ் லெக்சிகன். 1924 முதல் 1936 வரை ஆறு தொகுதிகளாக வந்தது, இணையத்திலும் தேடலாம்.

தெரியாத சொல்லைவிட, தெரிந்த சொல் வேறு பொருளில் வருவதுதான் ஆபத்து. ஈழத்து நாவலில் "ரெண்டு பேரும் கதைச்சுக்கொண்டிருந்தவை" என்றால் யாரும் கதை சொல்லவில்லை, பேசிக்கொண்டிருந்தார்கள். வட்டத்தில் அந்த மண்ணைச் சேர்ந்த ஒருவர் இருந்தால் அகராதிக்கு முன்னால் அவரைக் கேளுங்கள்.

மொழிபெயர்ப்பு நாவல் இழுவையாக இருக்கிறது. ஆசிரியர் குற்றமா, மொழிபெயர்த்தவர் குற்றமா?

முதலில் தலைப்புப் பக்கத்தின் பின்புறம் பாருங்கள். மூலமொழியிலிருந்து நேரடியாக வந்ததா, ஆங்கிலம் வழியாகவா, சுருக்கப் பதிப்பா என்று பெரும்பாலும் அங்கே இருக்கும். சுருக்கத்தைப் படித்துவிட்டு "பாத்திரங்கள் சட்டு சட்டென்று மாறுகிறார்கள்" என்று ஆசிரியரைத் திட்டுவது அடிக்கடி நடக்கிறது.

அடுத்து, சலிப்பு வாக்கியத்திலா சம்பவத்திலா என்று பிரியுங்கள். வாக்கியத்தை இரண்டு தடவை படித்துத்தான் யார் யாரிடம் பேசுகிறார் என்று தெரிகிறது என்றால் அது மொழிபெயர்ப்பின் பக்கம். வாக்கியம் சுலபம், ஆனால் நாற்பது பக்கம் விருந்து நடக்கிறது என்றால் அது மூலத்தின் பக்கம். சந்தேகமான ஒரு பத்தியை ஆங்கிலப் பதிப்போடு ஒப்பிட்டால் பெரும்பாலும் தெளிந்துவிடும்.

ரஷ்ய நாவல்களில் மூன்றாவது காரணம் ஒன்று உண்டு, பெயர். ஒரே ஆள் சொந்தப் பெயர், தந்தைவழிப் பெயர், குடும்பப் பெயர், செல்லப்பெயர் என்று நாலு விதமாக வருவார். ஒரு அட்டையில் ஆளுக்கு ஒரு வரி எழுதி எல்லாப் பெயரையும் பக்கத்தில் போட்டுக்கொள்ளுங்கள். "பாத்திரங்கள் அதிகம்" என்ற புகாரில் பாதி அத்தோடு போய்விடும்.

எல்லோரும் கொண்டாடும் நாவல் எனக்குப் பிடிக்கவில்லை. சொல்லலாமா?

சொல்லுங்கள், முதல் சுற்றிலேயே. நாலு பேர் புகழ்ந்த பிறகு சொன்னால் அது நாவலைப் பற்றிய கருத்தாக இல்லாமல் அவர்களுக்கான பதிலாக மாறிவிடும்.

அதற்கு முன் ஒரு சோதனை. பிடிக்காத பத்துப் பக்கத்தை வேறொரு நேரத்தில், நல்ல வெளிச்சத்தில் மறுபடி படியுங்கள். ராத்திரி பதினொரு மணித் தூக்கமும் பஸ் குலுக்கலும் பொடி எழுத்தும் ஆசிரியர் கணக்கில் ஏறியிருக்கும். அச்சுப்பிழையைத் தனியாகக் குறித்துப் பதிப்பகத்துக்கு அனுப்புங்கள். கூட்டத்தில் ஒற்றுப்பிழைப் பட்டியல் வாசிக்கத் தொடங்கினால் நாவலுக்கு நேரம் இருக்காது.

சொல்லும்போது "ஆசிரியர் சொதப்பிட்டார்" என்பதைவிட "இந்த இடத்துல அம்மா அழறதை என்னால நம்ப முடியல, முந்தின அத்தியாயத்துல அவங்களே அவனை வெளிய போகச் சொன்னாங்க" என்பது கடுமையானது. பதில் சொல்லக்கூடியதும் அதுதான். எழுத்தாளரே கூட்டத்துக்கு வருகிறார் என்றால் அவர் வருவதற்கு முந்தைய அமர்விலேயே உங்களுக்குள் பேசி முடித்துவிடுங்கள். அவர் எதிரில் மனசில் இருப்பதை முழுக்கச் சொல்பவர்கள் குறைவு.

பாதியில் நிறுத்திவிட்டேன். கூட்டத்துக்கு வரலாமா?

வாருங்கள். நிறுத்திய இடத்தையும் அதற்கு முந்தைய இரண்டு பக்கத்தையும் குறித்துக்கொண்டு வாருங்கள். மூன்று பேர் ஒரே இடத்தில் நிறுத்தியிருந்தால் அன்றைக்கு உரக்கப் படிக்க வேண்டிய பகுதி அதுதான்.

பக்கங்களைப் படமெடுத்துக் குழுவில் போடலாமா? பிடிஎஃப் அனுப்பலாமா?

விவாதிக்கிற பத்தியைப் போடலாம். இந்தியாவின் 1957 பதிப்புரிமைச் சட்டம் விமர்சனத்துக்காக நியாயமான அளவில் எடுத்தாள்வதை அனுமதிக்கிறது. இத்தனை சொல், இத்தனை பக்கம் என்று அளவு எதுவும் அதில் இல்லை. ஒரு பத்தியோ அரைப் பக்கமோ எடுத்து, அதன் கீழே உங்கள் கருத்தை எழுதினால் பிரச்சினை வராது. அத்தியாயம் அத்தியாயமாகப் படமெடுத்துப் போடுவது அதில் சேராது, முழு நூலின் திருட்டு பிடிஎஃப் சேரவே சேராது. தமிழில் ஆயிரம் பிரதி அச்சடிக்கவே யோசிக்கும் பதிப்பாளர்கள் இருக்கிறார்கள்.

பதிப்புரிமை ஆசிரியர் இறந்த பிறகு இந்தியாவில் 60 ஆண்டும் இலங்கையில் 70 ஆண்டும் இருக்கும். நாட்டுடைமை ஆக்கப்பட்ட நூல்களுக்கு இந்தக் கவலை இல்லை. தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகம், 1998-இல் தொடங்கிய மதுரைத் திட்டம், ஈழத்து நூல்களுக்கு நூலகம் தளம் ஆகிய மூன்றிலும் தேடிவிட்டுப் புத்தகத்தைத் தேர்ந்தெடுத்தால் எல்லோருக்கும் ஒரே பிரதி கிடைக்கும்.

எட்டுப் பேருக்கு ஒரே பிரதிதான் கிடைத்தது.

நாவலை விட்டுவிட்டுச் சிறுகதைக்குப் போங்கள். ஆளுக்கு நாலு நாள் என்று சுற்றில் விட்டால் கடைசி ஆளிடம் வரும்போது ஒரு மாதம் ஓடியிருக்கும், முதலில் படித்தவருக்கு ஒன்றும் ஞாபகம் இருக்காது. பத்துப் பக்கச் சிறுகதையைக் கூட்டத்திலேயே உரக்கப் படிக்க ஏறக்குறைய 25 நிமிடம். முக்கால் பங்கில் நிறுத்தி, எல்லோரும் அதுவரைக்குமான கருத்தைச் சொன்ன பிறகு மீதியைப் படியுங்கள். ஊர்க் கிளை நூலகங்கள் பலவற்றில் வாசகர் வட்டம் உண்டு, இடமும் பிரதியும் அங்கே கேட்டுப் பார்க்கலாம்.

முடித்த பிறகு இடையில் சொன்ன கருத்தெல்லாம் என்ன ஆகும்?

அதற்கு ஒரு உறை வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் ஆளுக்கொரு சீட்டு: தேதி, எந்த இடம்வரை படித்தது, அடுத்து என்ன நடக்கும் என்ற ஊகம், அன்றைக்கு யாரைப் பிடித்திருந்தது. பெயர் போட வேண்டும். மடித்து உறைக்குள் போட்டுவிட வேண்டும், யாரும் நடுவில் எடுக்கக்கூடாது. கடைசிக் கூட்டத்தில் தேதி வரிசையில் உரக்கப் படியுங்கள். எட்டுப் பேர், ஐந்து கூட்டம் என்றால் 40 சீட்டு, அரை மணி நேரம் ஆகும். ஊகம் பலித்ததா என்பதைவிட, எல்லோரும் ஒரே திசையில் தப்பாக ஊகித்த சீட்டுகளைத் தனியாக எடுத்து வையுங்கள். நம்மை அந்தத் திசைக்குத் திருப்பிய வரி எது என்று புத்தகத்தில் தேட அந்த அத்தியாய எண் தேவைப்படும்.